பையிலே இரண்டு கல்

வாசிக்க: உபாகமம் 25:13-16, லூக்கா 19:1-10, எரேமியா 32:6-15



நேர்மையான வாழ்வைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால், இடம்பெயர்ந்த மக்களிடமிருந்து முதலில் வரும் பதில் எமக்குத் தெரியும். "இதை எங்களை ஏமாத்தினவைக்குப் போய்ச் சொல்லுங்கோ. நாங்கள் இழந்தது காணாதோ?" என்று ஒரு ஐயா எமது வேதாகம வகுப்பொன்றிலே எழுந்து கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கின்றது. செம்மண் தறையையும் கிணற்றையும் விட்டுவிட்டு வந்து, பிறர் காணியிலே குத்தகைக்குத் தோட்டம் செய்து, முன்பு கூலி கொடுத்த கைகளாலேயே இப்போது கூலி வாங்குகின்ற ஒருவரிடம் 'நேர்மையாய் இரும்' என்று சொல்வது இலேசான காரியமல்ல. ஆகையால் இந்தப் பாடத்தைச் சற்று ஆறுதலாகப் படிப்போம்.

உபாகமத்தின் அந்தப் பகுதி தராசுக் கற்களைப் பற்றியது. நாணயம் புழக்கத்துக்கு வருமுன், இஸ்ரவேல் மக்கள் வெள்ளியைத் தராசிலே நிறுத்தே கொடுத்து வாங்கினார்கள். வியாபாரி தனது இடுப்புப் பையிலே சிறு கற்களை வைத்திருப்பான். யூதேயாவிலே தோண்டிய இடங்களில் அப்படிப்பட்ட எடைக்கற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றின்படி ஒரு சேக்கல் என்பது பதினொரு கிராமுக்குச் சற்று மேல். நேர்மையற்றவனின் பையிலே ஒரே பெயருடைய கல் இரண்டு இருக்கும். தானியம் வாங்கும்போது பாரமான கல்லைத் தட்டிலே போடுவான், விற்கும்போது பாரம் குறைந்ததைப் போடுவான். இதைத்தான் கடவுளின் சட்டம் விலக்குகின்றது.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் கள்ளக் கல்லால் நிறுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அதைப் பையிலோ வீட்டிலோ வைத்திருக்கவே வேண்டாம் என்கின்றது. பையிலே கிடக்கும் கல் ஒரு நாள் தட்டிலே ஏறும் என்பது கடவுளுக்குத் தெரியும். மற்றது, இந்தச் சட்டம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது. சொந்தமாக ஒரு பரப்புக் காணியும் இல்லாமல், எகிப்திலிருந்து நடந்து வந்து கூடாரங்களிலே இருந்த மக்களுக்கே இது சொல்லப்பட்டது. லேவியராகமம் 19 ஆம் அதிகாரத்திலே இதே கட்டளை வரும் இடத்தில், உங்களை எகிப்திலிருந்து கொண்டு வந்தவர் நானே என்று கடவுள் காரணமும் சொல்லுகின்றார். ஊரிலே போய்க் குடியேறி வசதி வந்த பின்பு நேர்மையாய் இருங்கள் என்று அவர் தவணை கொடுக்கவில்லை. வழியிலே நிற்கும்போதே கேட்டார்.

தோட்டத்திலே இரண்டு பாத்தி

எங்களிடம் தராசுக் கல் இல்லை என்று நாம் சொல்லலாம். ஆனால் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் இரண்டு பாத்தி இருக்கும். வீட்டுக்கென்று கிணற்றடியிலே மருந்து அடிக்காத நாலு கத்தரி, ஒரு சின்னக் கீரைப்பாத்தி. சந்தைக்கென்று அங்கால் பெரிய பாத்தி. அதற்கு முந்தாநாள் பின்னேரம் மருந்து அடித்து, இன்று காலையிலே பிடுங்கியிருப்போம். மருந்துப் போத்தலின் லேபிளிலே, கடைசியாக அடித்து எத்தனை நாளுக்குப் பின் அறுவடை செய்யலாம் என்று எழுதியிருக்கின்றது. வாசிக்கத் தெரியாததால் அல்ல, சந்தை விலை விழுந்துவிடும் என்ற பயத்திலேதான் நாம் அதைப் பாராமல் விடுகிறோம். எமது பிள்ளைக்குக் கொடுக்காத கத்தரிக்காயைப் பட்டணத்துப் பிள்ளைக்கு விற்கின்றோம். ஒரே பெயர், இரண்டு கல். இது எமக்கும் சுடுகின்ற விடயந்தான். எமது பண்ணைத் தோட்டத்திலும் இப்படி நடந்திருக்கின்றது.

நெல்லுக்கு வருவோம். நெல்லைச் சேமிக்கவும் விற்கவும் ஈரப்பதன் 14 சதவீதமளவில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 18 சதவீத ஈரத்தோடு நூறு கிலோ நெல்லை விற்கின்றோம் என்று வைப்போம். அதிலே உண்மையான நெல் 82 கிலோ, மிச்சம் தண்ணீர். அதையே 14 சதவீதத்துக்குக் காயவிட்டால் நிறை ஏறக்குறைய 95 கிலோவாக இறங்கும். அப்படியானால் நாம் நாலரைக் கிலோவுக்கு மேல் தண்ணீரை நெல் விலைக்கு விற்றிருக்கிறோம். ஆமோஸ் தீர்க்கதரிசி ஆடு மேய்த்தவர், அத்திமரத் தோட்டத்திலே வேலை செய்தவர். மரக்காலைச் சிறிதாக்கி, தராசைக் கள்ளமாக்கி, பதரையும் தானியத்தோடு விற்கின்றவர்களை அவர் 8 ஆம் அதிகாரத்திலே கடுமையாகக் கண்டிக்கின்றார். சப்பி நெல்லைத் தூற்றாமல் மூடையின் அடியிலே போடுகின்ற பழக்கம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது போலும்.

இந்த இடத்திலேதான் அந்த ஐயாவின் கேள்வி திரும்ப வருகின்றது. சந்தையிலே நூறு கிலோ மரக்கறி கொண்டுபோய்ப் போட்டால், 'கழிவு' என்று பத்துக் கிலோவைக் கழித்துவிட்டுத் தொண்ணூறு கிலோவுக்குத்தான் காசு தருகின்றார்கள் என்பது எமது தோட்டக்காரரின் நெடுநாள் முறைப்பாடு. அன்றைய வகுப்பிலே ஒரு தம்பி ஒளிக்காமல் சொன்னார்: "அவை பத்துக் கிலோ எடுக்கினம். நான் கீரைக்கும் கரட்டுக்கும் தண்ணி அடிச்சு அந்தப் பத்தைத் திருப்பி எடுக்கிறன். இதிலை என்ன பிழை?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவருக்குப் பக்கத்திலே இருந்த அக்கா ஒருவர் சிரிக்கவில்லை. அவர் சந்தை வாசலிலே சில்லறையாக மரக்கறி விற்கின்றவர், அவரும் இடம்பெயர்ந்தவர். "தம்பி, அந்தத் தண்ணியை மொத்த வியாபாரி குடிக்கிறேல்லை. பின்னேரம் என்ரை கடகத்திலைதான் அது அழுகிக் கிடக்கு," என்றார்.

நாம் ஆயத்தம் செய்து வைத்திருந்த விளக்கத்தைவிட இது தெளிவாக இருந்தது. எமக்கு அநியாயம் செய்தவனிடமிருந்தே நாம் திருப்பி எடுக்கின்றோம் என்று நினைக்கின்றோம். அவன் எப்போதும் தன்னைக் காத்துக்கொள்வான். நட்டம் கீழே, எம்மைவிட வலுவில்லாத ஒருவரின் கடகத்திலே போய் விழுகின்றது.

நேர்மையாய் இருந்தால் நட்டம் வராது என்று நாம் சொல்லப்போவதில்லை. வரும். தண்ணீர் அடிக்காத கரட்டும் அடித்த கரட்டும் அன்று ஒரே விலைக்குத்தான் போகும். ஆனால் தனியாளாக நின்று கள்ளம் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதும் உண்மையல்ல. எட்டுப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல தராசை வாங்கலாம். வீட்டிலே நிறுத்து, நிறையைக் கொப்பியிலே எழுதி, ஒரே வண்டியிலே ஏற்றி, ஒருவராகப் பேரம் பேசலாம். வியாபாரத்திலே பாவிக்கும் தராசு உரிய காலத்திலே பரிசோதிக்கப்பட்டு முத்திரை இடப்பட வேண்டும் என்பது சட்டம். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே உண்டு. மாவட்டச் செயலகத்திலே அளவீட்டு அலகுகள் நியமங்கள் பகுதியிலே முறைப்பாடு செய்யலாம். தனியே போய்ச் சொல்ல எவருக்கும் பயந்தான். பத்துப் பேர் ஒப்பமிட்ட கடிதத்துக்கு வேறு மரியாதை.

தராசை நாமே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. வெறுங் கானைத் தொங்கவிட்டு முள் எங்கே நிற்கின்றது என்று பாருங்கள். அளந்து பத்து லீற்றர் தண்ணீர் விட்டுத் திரும்பத் தொங்கவிடுங்கள். முள் சரியாகப் பத்துக் கிலோ நகர வேண்டும். தட்டுத் தராசு என்றால் படியையும் சாமானையும் தட்டு மாற்றி வையுங்கள். முதலிலே சமமாய் நின்றது இப்போது சரிந்தால் தராசிலே கோளாறு. முதலில் எமது தராசை இப்படிப் பார்த்துவிட்டுப் பிறகு வியாபாரியின் தராசைப் பார்ப்பது நல்லது.

அட்டையிலே பெயர்

இடம்பெயர்ந்த குடும்பங்களோடு நேர்மையைப் பற்றிக் கதைத்தால் நிவாரண அட்டையைக் கதைக்காமல் விட முடியாது. யுத்த காலத்திலே உலர் உணவு அட்டையிலே எத்தனை தலை என்பதுதான் ஒரு குடும்பத்தின் கணக்கு. வெளிநாடு போனவர், கலியாணம் முடித்து வேறு அட்டைக்குப் போனவர் பெயரெல்லாம் பழைய அட்டையிலும் கிடந்தன. இன்று காலம் மாறினாலும் கேள்வி மாறவில்லை. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுக்கு வீடு, காணி, வாகனம், மின்சாரம் எல்லாம் கேட்கின்றார்கள். உண்மையைச் சொல்லிப் பெயர் வெட்டுப்பட்ட ஏழைகளும் இருக்கின்றார்கள், மறைத்து எழுதி வாங்குகின்ற வசதியுள்ளவர்களும் இருக்கின்றார்கள். அது எமக்கும் கோபம் தருகின்ற விடயம். ஆனாலும் ஒரு கிராமத்துக்கு வருவது அளவோடுதான். இல்லாத ஒரு தலைக்கு எடுக்கும் பங்கு, இருக்கின்ற ஒரு வயிற்றுக்குப் போகாமல் நிற்கின்றது.

எல்லாப் பெயரையும் ஒரே தராசிலே நிறுக்கவும் முடியாது. ஒரு தாயை நாம் அறிவோம். அவருடைய மகன் காணாமற் போனவர். அட்டை புதுப்பிக்கும்போது பெயரை வெட்டச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாவுக்காக மறுக்கிறார் என்று வரிசையிலே நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் சொன்னது இதுதான்: "அவன்ரை பங்கை எனக்குத் தர வேண்டாம். பேர் மட்டும் கிடக்கட்டும். நான் வெட்டினால் அவன் செத்துப் போனான் எண்டு நானே சொன்னமாதிரி." இதிலே பொய் எங்கே இருக்கின்றது? பெயரை வைத்துக்கொண்டு பங்கை விட்ட அந்தத் தாயிடம் இருந்து நேர்மையை நாம் படித்துக்கொண்டோம்.

இன்னுமொன்று. யுத்த நாட்களிலே ஆயுதம் வைத்திருந்தவர்களிடம், வீட்டிலே பிள்ளை இல்லை என்று சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றிய பெற்றோர் பலர் இன்றும் அதை நினைத்துக் குற்ற மனத்தோடு வருகின்றார்கள். யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தை வாசியுங்கள். எபிரேய மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் ஆண்பிள்ளைகளைக் கொல்லாமல் காப்பாற்றிவிட்டு, பார்வோனிடம் வேறு கதை சொன்னார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றுதான் அங்கே எழுதியிருக்கின்றது. கொல்ல வந்தவனிடம் பிள்ளையை மறைப்பதையும், வாங்க வந்தவளிடம் அழுகல் வெங்காயத்தை மறைப்பதையும் ஒரே பாவமாக எண்ணி எவரும் தம்மை வருத்த வேண்டியதில்லை.

பிறர் வீட்டுக் கதவு

எழுதக் கடினமான பகுதி இது. 1990 ஒக்டோபர் மாதத்திலே வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்கு ஒக்டோபர் 30 ஆந் திகதி சில மணித்தியாலங்களே கொடுக்கப்பட்டன. பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போனார்கள். சரியாக ஐந்து வருடங்களின் பின், 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிலே செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். இரண்டு தடவையும் வெறும் வீடுகள் பின்னாலே நின்றன. அந்த வீடுகளின் ஓடுகளும், யன்னல்களும், இறைக்கும் மிசின்களும் தாமாக நடந்து போகவில்லை. யாரோ தூக்கினார்கள், யாரோ மலிவாக வாங்கினார்கள். வாங்கியவர்களிலே கோவிலுக்கு வருகின்ற நாமும் இருந்தோம்.

சகேயுவின் கதையை நாம் சிறுபிள்ளைகளுக்கு மரத்திலே ஏறிய குள்ளனின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கதையின் பாரம் மரத்திலே இல்லை, வீட்டுக்குள்ளே இருக்கின்றது. இயேசு அவரைத் திட்டவுமில்லை, கணக்குக் கேட்கவுமில்லை. சாப்பிட வந்தார். சகேயு தானாகவே எழுந்து, ஏமாற்றி எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். மோசேயின் சட்டத்திலே ஆட்டைத் திருடி விற்றவன் நாலு ஆடு கொடுக்க வேண்டும். தானாக வந்து குற்றத்தை ஒத்துக்கொள்பவன் முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுத்தாற் போதும். குறைந்ததைக் கொடுத்திருக்கலாம், ஆனால் கூடியதைத் தெரிந்துகொண்டார்.

எமக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் 1990களின் நடுப்பகுதியிலே ஒரு சோடி தேக்கங்கதவை மலிவாக வாங்கித் தனது கொட்டிலுக்குப் பூட்டினார். எங்கிருந்து வந்ததென்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் தனது களவு என்று பின்னர் சொன்னார். யுத்தம் முடிந்த பின் விசாரித்துப் பார்த்ததிலே, கதவு எந்த ஒழுங்கையிலிருந்து வந்ததென்று தெரிந்தது. வீட்டுக்காரர் இறந்துவிட்டார். பிள்ளைகள் புத்தளத்திலே. இவர் ஒருவரைப் பிடித்துத் தொலைபேசி இலக்கம் எடுத்துக் கதைத்தார். மறுபக்கத்திலே கொஞ்ச நேரம் சத்தம் இல்லையாம். பிறகு அந்த மகன், "கதவிலே வாப்பா எங்களுடைய உயரத்தைக் கீறி வைத்தவர், அது இருக்கா?" என்று கேட்டாராம். இவர் வர்ணம் பூசியிருந்தார். சுரண்டிப் பார்த்தபோது கீறல்கள் இருந்தன. கதவை லொறியிலே ஏற்றி அனுப்பினார். லொறிக் கூலி கதவின் விலையைவிடக் கூடிவிட்டது. இப்போது அவர் கொட்டிலுக்குத் தகரக் கதவு.

எல்லோருக்கும் இப்படி ஆள் அகப்படாது. உரியவர் உயிரோடு இல்லை, உறவினரும் இல்லை என்றால் என்ன செய்வது என்றுகூட எண்ணாகமம் 5 ஆம் அதிகாரம் பார்க்கின்றது. அப்படிப்பட்டதை ஆசாரியரிடம் கொடுக்கச் சொல்லுகின்றது. தானே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை.

காணி விடயத்திலும் இதுவே. எமது நாட்டுச் சட்டத்திலே, 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியை இடையூறின்றிப் பத்து வருடம் தமதாக ஆண்டு வந்தவர் உரிமை கோரலாம். ஓடிப்போனவர்களுக்கு இது பெரிய அநியாயமாக முடிந்தது. ஆகையால், 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்திலே ஆயுதக் குழுவின் செயல்களால் தமது உரிமையைக் காக்க முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்த வருடங்களைக் கணக்கிலெடுக்காமலிருக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. எமது காணியிலே பிறர் இருக்கும்போது இந்தச் சட்டத்தைத் தேடுகிறோம். பிறர் காணியிலே நாம் இருக்கும்போது பத்து வருடத்தை எண்ணுகிறோம். இதுவும் பையிலே இரண்டு கல்தான்.

மண்பானையிலே உறுதி

எரேமியா சிறைக்காவலிலே இருந்தபோது பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நின்றது. அவரது சொந்த ஊரான ஆனதோத் எருசலேமிலிருந்து நடந்து போகக்கூடிய தூரந்தான், ஆனால் போக முடியாத இடமாகிவிட்டது. அந்த நேரத்திலே தகப்பனின் சகோதரன் மகன் வந்து, ஊரிலுள்ள வயலை வாங்கச் சொல்லிக் கேட்கின்றார். யார் வாங்குவார்? எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளியைச் சாட்சிகளுக்கு முன்பாகத் தராசிலே நிறுத்துக் கொடுத்தார். எதிரியின் கையிலிருக்கும் காணிக்கு இவ்வளவு விலையா என்று குறைத்து நிறுக்கவில்லை. உறுதி இரண்டாக எழுதப்பட்டது. ஒன்று முத்திரையிட்டது, மற்றது திறந்தது. இரண்டையும் மண்பானையிலே போட்டு நெடுங்காலம் கெடாமல் வைக்கும்படி பாரூக்கிடம் கொடுத்தார்.

வலிகாமம் வடக்கிலே 1990 இல் விட்டுவந்த காணிகள் பின்னர் கட்டங்கட்டமாக விடப்பட்டாலும், இன்னமும் தமது எல்லைக் கல்லைத் தொட முடியாதவர்கள் இருக்கின்றார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த அதிகாரத்தைத் தனியே விளக்கத் தேவையில்லை. செய்ய வேண்டியது ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். எமது நாட்டிலும் உறுதி ஒன்றோடு முடிவதில்லை. நொத்தாரிசு ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகின்றார். ஆகவே உறுதியை ஓட்டத்திலே தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்திலே தேடி அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்திலே கேட்க வேண்டும். வழக்குப் பேச வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். அப்படிப் போகும்போது எல்லைகளை உள்ளபடி சொல்லுங்கள். அயலவர் கனடாவிலே இருக்கின்றார், கேட்க ஆளில்லை என்பதற்காக, அளவுகாரர் வருகிற அன்று கதியாலை ஒரு முழம் தள்ளி நட வேண்டாம்.

இந்தப் பாடத்தைக் குழுவாகப் படிக்கின்றவர்கள் அடுத்த கூட்டத்துக்குத் தத்தம் தராசையும் பத்து லீற்றர் தண்ணீர்க் கானையும் கொண்டு வாருங்கள். முதலிலே எல்லாத் தராசுகளையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, அதன் பின் வேதாகமத்தைத் திறவுங்கள். வீட்டிலே இருந்து கொண்டு வர முடியாத சாமான் ஏதும் இருந்தால், அதைக் கூட்டத்திலே சொல்ல வேண்டியதில்லை. உரியவரின் முகவரியைத் தேட உதவி வேண்டுமென்றால் எமக்கு ஒரு வரி எழுதுங்கள்.